படியில்தான் பிரச்சினை

எங்கள் வீட்டுப் படிக்கட்டுக்குக் கைப்பிடி கிடையாது. கட்டியவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அது இல்லை என்பதற்காகவே ஆசைப்பட்டு வாங்கிய வீடு. வைட்ஃபீல்டில் எங்கள் குடியிருப்பின் உச்சியில் இருப்பவை மட்டும் இரண்டடுக்கு வீடுகள். ஹாலின் சுவரிலிருந்து பலகை பலகையாக நீட்டிக்கொண்டு, தாங்கல் எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் படி மேலே போகும். ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் காற்று. வீட்டைக் காட்டிய பெண் அந்தக் காற்றைத்தான் அதிகம் புகழ்ந்தாள். அஷ்வினும் நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். நாமக்கல்லிலிருந்து என் அம்மா முதல்முறை வந்தபோது மேலே ஏறிப் பார்த்துவிட்டு, இறங்கும்போது ஒவ்வொரு பலகையிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். அம்மாவுக்கு நவீனம் புரியவில்லை என்று சிரித்தோம்.

பிறகு குழந்தை விஷயம் வந்தது. எனக்குப் பிறக்காது என்று தெரிந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அழ வேண்டியதை எல்லாம் அழுது முடித்தாயிற்று. தத்து எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். 'செய்தோம்' என்றுதான் நான் எல்லோரிடமும் சொன்னேன். விண்ணப்பித்தவள் நான், சான்றிதழ்களுக்கு அலைந்தவள் நான். அஷ்வின் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான். ஆபீசில் பத்துப் பேரைக் கட்டி மேய்க்கிறவள் என்பதால் இதிலெல்லாம் எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அடுத்ததாக ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து, எங்களோடு பேசி, இவர்களிடம் குழந்தையைக் கொடுக்கலாமா என்று எழுத வேண்டும். அவர் சரி என்றால் குழந்தை உண்டு. இல்லை என்றால் இல்லை.

வந்தவர் பெயர் அன்னா. கோலார் தங்கவயலில் வளர்ந்தவர், அதனால் அழகாகத் தமிழ் பேசினார். காட்டன் புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டிருந்தார். குழந்தைக்கு என்று ஒதுக்கியிருந்த மாடி அறையைப் பார்க்க ஏறியபோது சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அதன்பிறகு எங்கள் இருவரிடமும் தனித்தனியாகப் பேசினார். என்னிடம் கேட்டதற்கெல்லாம் நான் மணிமணியாகப் பதில் சொன்னேன். அஷ்வினிடம் என்ன கேட்டார் என்று தெரியாது, நான் சமையலறையில் பக்கோடா போட்டுக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது வாசலில் நின்று, "உங்க ஹஸ்பண்ட்கிட்ட சொல்லியிருக்கேன்மா. அவசரமில்ல. ரெடியானதும் கூப்பிடுங்க, மறுபடி வரேன்" என்றார்.

கதவைச் சாத்தியதும் அஷ்வினைப் பிடித்துக்கொண்டேன். "என்ன சொன்னாங்க? எதுல பிரச்சினை?"

அவன் என்னைப் பார்த்தான், பக்கோடாத் தட்டைப் பார்த்தான், அப்படியே கண்ணை ஓட்டிக்கொண்டு போய்ப் படிக்கட்டில் நிறுத்தினான். "படியிலதான் பிரச்சினை" என்றான். "கைப்பிடி வெக்கணும்."

இப்படி ஒரு பதிலை யார்தான் நம்பமாட்டார்கள்? அந்த அம்மாள் சுவரைக் கட்டிக்கொண்டு ஏறியதை நானே பார்த்தேன். மறுநாளே கண்ணாடியும் ஸ்டீலும் வைத்து ரெயிலிங் போடுகிற ஆளை வரவழைத்தேன். அளவு எடுத்துக்கொண்டு, வார முடிவில் மாட்டிவிடலாம் என்றான். அஷ்வின் குறுக்கே வந்தான்.

"கண்ணாடி வேண்டாம் கிருத்தி. குழந்தை ஓடிவந்து மோதினா? ஸ்டீலும் வேண்டாம், சில்லுனு இருக்கும். மரத்துல பண்ணுவோம். ஸ்க்ரூ, ஆணி எதுவும் இல்லாம, பழைய முறையில, கழுந்தும் துளையுமா. ஒரு தடவை பண்ணினா ஆயுசுக்கும் ஆடாது."

நான் உருகிப்போனேன். தன் சட்டைக்கு எந்த நிறம் பொருந்தும் என்றுகூட என்னைக் கேட்கிறவன், இன்னும் வராத குழந்தைக்கு இவ்வளவு யோசிக்கிறானே என்று அன்றைக்கு என் தங்கைக்குப் போன் போட்டுப் பெருமை அடித்துக்கொண்டேன். அவள் கணவன் தொட்டிலைக்கூடக் கடையில் வாங்கினவன். அதையும் சொல்லிக் காட்டினேன்.

அடுகோடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பை அஷ்வினே தேடிக் கண்டுபிடித்தான். உரிமையாளர் க்ளென். தகப்பனார் காலத்திலிருந்து நடத்தும் இடம். வாசல் நிலைக்கு மேலே குழந்தை இயேசு, அவருக்கு இடப்பக்கம் சாமுண்டீஸ்வரி, வலப்பக்கம் சரஸ்வதி. மூவருக்கும் ஒரே சீரியல் பல்பு. பசை வேலைக்கு நாணு என்று ஒருவர், தேய்ப்பதற்கும் பாலிஷுக்கும் பாஞ்சாலி என்ற அம்மாள், இவர்கள் போக நாலைந்து பேர்.

"டவல் போட்டுடலாம் சார்" என்றார் க்ளென் முதல் நாள். டவல் என்றதும் நான் துண்டைத் தேடினேன். இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு நடுவில் ஒரு சின்ன மரக்குச்சியைச் செருகி ஒட்டுவதாம். "சீக்கிரம் முடியும். நல்லாவும் நிக்கும்."

"கழுந்துதான் வேணும்" என்றான் அஷ்வின். மேல்சட்டம், கீழ்ச்சட்டம் இரண்டிலும் உளியால் துளை வெட்ட வேண்டும். நடுவில் நிற்கும் ஒவ்வொரு கம்பின் இரு முனையையும் அந்தத் துளைக்குள் பிசிறில்லாமல் போகிற மாதிரி செதுக்க வேண்டும். அதுதான் கழுந்து. படியோடு சாய்ந்து ஏறும் பேனல் ஒன்று, மாடி விளிம்பில் நேராக நிற்பது ஒன்று. சாய்ந்த பேனலில் துளைகளும் சாய்வாகவே வெட்டப்பட வேண்டும். க்ளென் பெருமூச்சு விட்டு, கன்னடத்தில் சரி சொன்னார். "ஆய்த்து சார். டைம் ஆகும்."

"ஆகட்டும்" என்றான் அஷ்வின். அந்த ஒரு சொல்லை அவன் எவ்வளவு நிம்மதியாகச் சொன்னான் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

டைம் ஆனது. நான் கேட்ட வெளிர்நிற மரம் வந்தது. ஈரம் அதிகம் என்று அஷ்வின் திருப்பி அனுப்பினான். ஈரமரத்தில் கழுந்து செய்தால் காய்ந்ததும் சுருங்கி ஆடும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மறுபடி மரம் வந்து, அது காய்ந்து, அறுத்து, மாதிரிக்கு ஒரு மூட்டு செய்து காட்டினார்கள். ஒரு மயிரிழை இடைவெளி இருக்கிறது என்று அதையும் வேண்டாம் என்றான். மழைக்காலம் வந்து, பசை சரியாகப் பிடிக்காது என்று தள்ளிப்போட்டான். இதெல்லாம் முடிந்து கம்புகளின் எண்ணிக்கையை முடிவு செய்த பிறகு, இடைவெளி அதிகம், இன்னும் நெருக்கமாக வேண்டும் என்று புதிதாக ஒன்றைக் கிளப்பினான். முதலில் சனிக்கிழமை மட்டும் போய்வந்தவன், ஆபீஸ் முடிந்தும் போக ஆரம்பித்தான். வைட்ஃபீல்டிலிருந்து அடுகோடிக்கு வேலைநாள் சாயங்கால நெரிசலில் போகிறவன் ஒன்று காதலில் விழுந்திருக்க வேண்டும் அல்லது பைத்தியமாக இருக்க வேண்டும். சட்டை முழுக்க மரத்தூளோடு வீடு வருவான். என்ன செய்தாய் என்றால், நாணுவோடு டீ குடித்தேன் என்பான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நவராத்திரி நடந்துகொண்டிருந்தபோது அவனுக்குச் சொல்லாமல் அன்னா மேடத்துக்கு நானே போன் செய்தேன். விஜயதசமிக்கு மறுநாள் வருவதாகச் சொன்னார். "உங்க ஹஸ்பண்டும் இருப்பாரில்ல?"

"அவர்தான் மேடம் எல்லாத்தையும் முன்னாடி நின்னு செய்யறார்" என்றேன்.

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்மா" என்றார். அந்தச் சந்தோஷம் எனக்கு அளவுக்கு அதிகமாகப் பட்டது. ஒரு கைப்பிடிக்கு இவ்வளவா என்று நினைத்தேன்.

அஷ்வினிடம் சொன்னபோது அவன் முகம் வெளுத்தது. "பூஜை டைம் கிருத்தி. ஒர்க்‌ஷாப்ல ஆளே இருக்க மாட்டாங்க. தள்ளி வெக்கச் சொல்லு."

"இன்னும் தள்ளினா அந்தப் பிள்ளை காலேஜ் முடிச்சிட்டுதான் வரும்" என்று சொல்லி, ஆயுதபூஜைக்கு முந்தின நாள் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு அடுகோடிக்குப் போனேன்.

மாடிப் பேனல் ஏற்கெனவே ஒட்டி முடிந்து சுவரில் சாய்ந்திருந்தது. சாய்வுப் பேனல்தான் பாக்கி. துளை, கழுந்து எல்லாம் தயார். ஒட்ட வேண்டியதுதான். ஆனால் ஆட்களைக் காணவில்லை. பூசணிக்காயும் பொரியும் வாழைக்கன்றும் வாங்கப் போயிருந்தார்கள். க்ளென் தலையைச் சொறிந்தார். அவர் கவலை வேறு.

"இன்னிக்கு ஒட்டினா கிளாம்ப் நாளைக்கு வரைக்கும் அதுலயே இருக்கணும்மா. நாளைக்குப் பூஜை. எந்த ஆயுதமும் வேலை செய்யக் கூடாது. எல்லாம் கழுவி, பொட்டு வெச்சு, சாமி முன்னாடி உக்காரணும்."

கிளாம்ப் என்பது ஒட்டிய மரத்தை இறுக்கிப் பிடித்து வைக்கும் நீளமான இரும்பு. "அது சும்மாதானே பிடிச்சிட்டு இருக்கும்? வேலை எங்க செய்யுது?" என்றேன்.

"பிடிக்கறதுதாம்மா அதுக்கு வேலை" என்றார் நாணு.

"எங்கப்பா காலத்துல இருந்து இந்தப் பூஜை விட்டதில்ல" என்றார் க்ளென், நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு. "அதனாலதான் இந்த ஒர்க்‌ஷாப்ல இதுவரைக்கும் யாருக்கும் ஒரு விரல் போனதில்ல." நான் நாணுவின் இடது கையைப் பார்த்தேன். அதில் நாலு விரல்தான் இருந்தது. "அது வேற ஒர்க்‌ஷாப்ல போனது" என்றார் க்ளென் அவசரமாக.

ஆபீசில் இதைவிட அற்பமான விஷயங்களுக்கு நான் மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். கடைசியில் சமரசம் ஏற்பட்டது. கிளாம்ப்பைக் கழற்ற வேண்டாம். பேனலோடு சேர்த்து அப்படியே சரஸ்வதி முன்னால் படுக்க வைத்துப் பூஜை செய்துவிடலாம். வேலை செய்யவில்லை, பூஜையில் இருக்கிறது என்று கணக்கு. கிறிஸ்தவரை இந்துப் பண்டிகையில் தளர்த்துவது லேசான காரியம் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

முதலில் பசை இல்லாமல் முழுவதையும் பூட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு கம்புக்கும் அதன் துளைக்கும் பென்சிலில் ஒரே எண் போட்டிருந்தது. சாய்ந்த சட்டத்தில் கிளாம்ப் வைத்து இறுக்கினால் வழுக்கிக்கொண்டு ஓடும். அதனால் அதே சாய்வில் வெட்டிய ஆப்புக்கட்டைகளைச் சட்டத்தின் மேலும் கீழும் பொருத்தி, கிளாம்ப் நேராகக் கடிக்கிறதா என்று நாணு சரிபார்த்தார். கட்டை பேனலோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் மெழுகுத்தாள். எல்லாம் சரி என்றதும் மறுபடி பிரித்து வரிசையாக அடுக்கினார்கள்.

"பசை தொட்டுட்டா அப்புறம் பேச்சு கிடையாது" என்றார் நாணு. "டீ ஆறற நேரம்தான் இருக்கு. அதுக்குள்ள எல்லாக் கழுந்தும் உள்ள போயிடணும். பாதியில நின்னா அப்படியே நின்னுடும். துளைக்குள்ள ரொம்பப் பூசாதீங்கம்மா, அடியில பசை தேங்கினா கழுந்து இறங்காது, மரம் பொளந்துக்கும். சுவத்துல மட்டும் பூசுங்க."

எனக்குப் பிரஷ்ஷைக் கொடுத்தார்கள். நான் பூசிக் கொடுக்க, அஷ்வின் கீழ்ச்சட்டத்தின் துளைகளில் கம்புகளை ஒவ்வொன்றாக நிறுத்திக் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலால் தட்டினான். வழிந்ததைப் பாஞ்சாலி துடைத்தார். க்ளெனும் நாணுவும் மேல்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றார்கள். ஆளுக்கு ஒரு வேலை, யாரும் பேசவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இத்தனை மாதத்தில் அஷ்வினும் நானும் சேர்ந்து ஒரு காரியம் செய்தது அன்றைக்குத்தான் என்று தோன்றியது.

கடைசிக் கம்பை அவனிடம் கொடுத்தேன். அவன் அதைத் துளையில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இதைப் போட்டுட்டா அப்புறம் கழட்டவே முடியாதில்ல?" என்றான் நாணுவிடம்.

"கழட்டணும்னா அறுக்கணும் சார்."

"அஷ்வின், பசை காயுது" என்றேன்.

அவன் கம்பைத் திருப்பி, அதில் போட்டிருந்த பென்சில் எண்ணைப் பார்த்தான். எண் சரியா என்று பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். நாணு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அஷ்வின் அதைத் துளையில் வைத்து அடித்தான், தேவைக்கு அதிகமாகவே அடித்தான். மேல்சட்டம் இறங்கியது. ஒரு முனையிலிருந்து கழுந்துகளை ஒவ்வொன்றாகத் துளைக்குள் நுழைத்துக்கொண்டே போய்க் கிளாம்ப்பை இறுக்கினார்கள். மூட்டுகளில் பசை முத்து முத்தாகக் கசிந்தது. அப்படிக் கசிந்தால்தான் உள்ளே சரியாகப் பரவியிருக்கிறது என்று அர்த்தமாம். மிஞ்சி இறுக்கினால் இருக்கிற பசையும் வெளியே வந்து மூட்டு வறண்டுவிடும் என்று நாணு பாதியிலேயே போதும் என்றார்.

மறுநாள் பூஜையில் பாஞ்சாலி தாராளமாக இருந்துவிட்டார். ரம்பம், இழைப்புளி, கிளாம்ப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், பேனலும் ஆயுதத்தோடுதானே படுத்திருக்கிறது என்று அதன் ஒவ்வொரு மூட்டுக்கும் வைத்தார். விஜயதசமி காலையில் மறுபூஜை முடித்துக் கிளாம்ப்பைக் கழற்றிய பிறகு, காய்ந்த பசையை உளியால் சுரண்டி, குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்தார். பாலிஷ் காணாத வெளிர்மரம் அந்தச் சிவப்பை ஆசையாகக் குடித்தது. வெளிநாட்டுப் படங்களில் பார்த்து நான் தேர்ந்தெடுத்த மரம், மூட்டுக்கு மூட்டு ரோஸ் கலரில் சிரித்தது. "பாலிஷ் போடறப்போ தேச்சுக்கலாம்மா, மங்களமா இருக்கு" என்றார் க்ளென். புதுப்பொருளை வெறுமனே அனுப்பும் வழக்கம் இல்லை என்று இரண்டு பேனலுக்கும் சாமந்தி மாலை போட்டு, வாழைக்கன்று கட்டிய டெம்போவில் ஏற்றினார்.

எங்கள் குடியிருப்பில் பண்டிகை நாளில் மரச்சாமான் எதுவும் உள்ளே வரக் கூடாது. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த விதிக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. கேட்டில் இருந்த காவலாளி டெம்போவை நிறுத்தினார். தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார். மாலையும் குங்குமமும் வாழைக்கன்றுமாகப் படுத்திருந்ததைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டார். சாமான் லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று அவரே சொல்லி, மனிதர்கள் போகும் லிஃப்டில் ஏற்ற வைத்தார். வழியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டு ஸ்னேஹா கன்னத்தில் போட்டுக்கொண்டு, எந்தக் கோவிலிலிருந்து என்று கேட்டாள். அடுகோடி என்றேன். அது பொய் இல்லை.

பேனல்களைத் தாங்கும் தூண்கள் முந்தின வாரமே வந்து நின்றுவிட்டன. போல்ட் முடுக்க வேண்டியதுதான் பாக்கி. நாணு முடுக்கிவிட்டு, மேல்சட்டத்தைப் பிடித்துத் தன் உடம்பின் கனத்தை எல்லாம் போட்டு உலுக்கினார். அசையவில்லை. நானும் உலுக்கினேன். குழந்தை என் இடுப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டது போல இருந்தது எனக்கு.

மறுநாள் அன்னா மேடம் வந்தார். ஹாலில் கால் வைத்ததும் அண்ணாந்து பார்த்தார். "அட, கைப்பிடி வெச்சிட்டீங்களா. நல்லது. இது என்ன சிவப்பா, ரத்தமா?"

"குங்குமம் மேடம்" என்றேன். "நீங்க சொன்ன மாதிரியே பண்ணியாச்சு. ஒரு ஆணி கிடையாது."

"நானா? நான் என்ன சொன்னேன்?"

"படியிலதான் பிரச்சினைன்னு."

"படியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றார். "மாடி வீடு, தடுப்பு போட்டுப்பாங்கன்னு விட்டுட்டேன். எனக்கு முட்டிவலி, அதான் சுவத்தைப் பிடிச்சிட்டு ஏறினேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் அஷ்வினைப் பார்த்து நிறுத்தினார். அவன் புது ரெயிலிங்கின் அடித்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்ப என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"அதை அவர் சொல்லணும்."

அஷ்வின் சொன்னான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மேடம் கேட்டாங்க, உங்களுக்குக் குழந்தை வேணுமான்னு. கிருத்திக்கு வேணும், அதனால எனக்குச் சரின்னேன். அது பத்தாதுன்னாங்க. யோசிச்சு, உங்களுக்கே வேணும்னு தோணினா கூப்பிடுங்கன்னாங்க. உன்கிட்ட அதைச் சொல்ல வாய் வரல."

எனக்கு எல்லாம் அப்போதுதான் பொருந்தியது. கண்ணாடி வேண்டாம் என்றது, ஸ்டீல் சில்லென்று இருக்கும் என்றது, ஈரம், மழை, மயிரிழை எல்லாம். கட்டிய மனைவியிடம் ஒரு வாக்கியம் பேசப் பயந்துகொண்டு, ஒரு மனிதன் ஒரு ஒர்க்‌ஷாப்பையே மாதக்கணக்கில் துளை வெட்ட வைத்திருக்கிறான். நான் அதைத் தங்கையிடம் பெருமை பேசியிருக்கிறேன். அவமானமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அதைவிட மோசமாக இன்னொன்று வந்தது: பயம். குழந்தை கிடையாது என்பதை இந்தத் தடவை டாக்டர் சொல்லப்போவதில்லை, என் புருஷன் சொல்லப்போகிறான்.

"நீங்க கொஞ்சம் மேல போங்கம்மா" என்றார் அன்னா மேடம். "அவர்கிட்ட நான் தனியாப் பேசணும்."

ஏறினேன். கைப்பிடியைத் தொடவில்லை. வீம்புக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி, மாடி விளிம்பில் கம்புகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தேன். திறந்த அமைப்பு என்று புகழ்ந்து விற்ற வீடு. ஹாலில் கிசுகிசுத்தால் மாடியில் கேட்கும். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கலாம். சாத்திக்கொள்ளவில்லை.

"இப்ப சொல்லுங்க" என்றார் கீழே அன்னா மேடம். "நிஜமா சொல்லுங்க, அவங்களுக்காக வேண்டாம்."

"வேணும் மேடம்" என்றான்.

"என்ன மாறிச்சு?"

கம்புகளின் இடுக்கு வழியாக அவன் உச்சந்தலை மட்டும் எனக்குத் தெரிந்தது.

"தள்ளிப்போடறதுக்குத்தான் மரம்னு சொன்னேன். ஒர்க்‌ஷாப்ல நாணுன்னு ஒருத்தர். கம்புக்குக் கம்பு எவ்வளவு இடைவெளி விடணும்னு பார்க்கறப்போ, குழந்தைக்கு என்ன வயசு சார்னு கேட்டார். இல்லைன்னு சொல்லியிருக்கலாம். ரெண்டுன்னு சொல்லிட்டேன். பையனா பொண்ணான்னார். பொண்ணுன்னேன். அடுத்த வாரம் போனா, பாப்பா எப்படி இருக்குன்னு கேட்கிறார். என்ன சொல்றது? சளி பிடிச்சிருக்குன்னேன். அதுக்கப்புறம் போறப்போ எல்லாம் கேட்பார், நானும் சொல்லிட்டே வந்தேன். சரியாச் சாப்பிடறதில்ல, எது கிடைச்சாலும் ஏறிடறா அப்படின்னு. ஏறுவாளான்னு அவர் பயந்துட்டு இடைவெளியைக் குறைக்கச் சொன்னார். எனக்கும் பயமா இருந்தது மேடம். நிஜமாவே பயமா இருந்தது. அப்புறம் சனிக்கிழமைக்குக் காத்திருக்க முடியல. அவளைப் பத்திப் பேசறதுக்கு எனக்கு அங்க மட்டும்தான் ஆள் இருந்தது."

"பேர் கேட்கலையா அவர்?"

"கேட்டார். அதை மட்டும் சொல்லல. கிருத்திகிட்ட கேட்காம எப்படிப் பேர் வெக்கறது."

எனக்குக் கண்ணை மறைத்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. கோபம் அப்படியேதான் இருந்தது, ஒரு சொட்டுக் குறையவில்லை. ஆனால் அதன் பக்கத்திலேயே, சளி பிடித்த ரெண்டு வயசுப் பெண் ஒருத்தி, எனக்குத் தெரியாமல் இத்தனை நாள் வளர்ந்தவள், ஏறக் கூடாத எதிலோ ஏறிக்கொண்டிருந்தாள்.

கீழே அன்னா மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ரெண்டு பொய்" என்றார். "மனைவிகிட்ட ஒண்ணு, கார்பென்டர்கிட்ட ஒண்ணு. நான் பார்த்ததை, கேட்டதை அப்படியே எழுதணும். அதுதான் என் வேலை. தெரியுமில்ல?"

"எழுதுங்க மேடம்" என்றான் அஷ்வின்.

நான் எழுந்து நின்று கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தேன்.

"கார்பென்டர்கிட்ட சொன்னதை எழுதிக்கங்க மேடம்" என்றேன். "என்கிட்ட சொன்னதை எழுத வேண்டாம். அதை நான் பார்த்துக்கறேன்."